நான்காம் எண் ஹோட்டல்

1931 இலையுதிர் காலத்தில், டபியூக் நகரில் நான் நடத்திய நான்காம் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. என் தம்பி ஆர்வின் வேலை பார்த்த வென்ட்லிங் ஹோட்டல் கம்பெனியைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். புது ஹோட்டல் திறக்கும்போதெல்லாம் முதலாளி ஊரார் முன்னால் வாசற்கதவின் சாவியைத் தண்ணீரில் வீசி எறிவார். இனி இந்த வாசல் பூட்டப்படாது, எந்த நேரமும் யாரும் வரலாம் என்று அதற்குப் பொருள். கடைசி வரிசையிலிருந்து லொரேன் என்ற சிறுமி கை தூக்கினாள்.

"டீச்சர், அவர் தப்பான சாவியத் தூக்கி எறிஞ்சுட்டா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். பல ஆண்டுகள் கழித்து நானும் ஆர்வினும் எழுதிக்கொண்ட கடிதங்களை, எங்கள் இருவர் சம்மதத்தோடும் இங்கே தருகிறேன்.

டபியூக், அயோவா
அக்டோபர் 6, 1974

அன்புள்ள தம்பி ஆர்வினுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. நான் நலம். புதுக் கண்ணாடி பழகிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தப் பாலைவனக் காற்று ஒத்துக்கொள்கிறதா? உன் காது தொலைபேசிக்கு ஆகாமல் போனதில் எனக்கு ஒரு லாபம், நீ கடிதம் எழுதுகிறாய்.

ஒரு செய்தி. உங்கள் கம்பெனித் தலைவர் லீலண்ட் வென்ட்லிங், பழைய முதலாளியின் பேரன், நேரில் வீட்டுக்கு வந்தார். வரும் மே மாதம் ராட்டர்டாமில் ஐம்பதாவது ஹோட்டல் திறக்கிறார்களாம். அதற்குள் கம்பெனி வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதித் தர வேண்டுமாம். "உங்க தம்பி எங்ககிட்ட நாப்பத்தஞ்சு வருஷம் இருந்தவர். நீங்க சரித்திரம் நடத்துனவங்க. வேற யார்கிட்டப் போய்க் கேப்பேன்?" என்றார். ஆப்பிள் பை இரண்டு துண்டு சாப்பிட்டார். ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஸ்ட்ராபெரிச் செடி ஒரு கொடியை நீட்டி, கொஞ்ச தூரத்தில் வேர் பிடித்து, அங்கிருந்து அடுத்த கொடியை நீட்டும் அல்லவா? உங்கள் ஹோட்டல்களை அப்படித்தான் வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். டாவன்போர்ட், பியோரியா, செயின்ட் பால். பிறகு எல்லை தாண்டி வினிபெக், ஹவானா, மெக்சிகோ, லிஸ்பன். ஒவ்வொன்றின் வரவேற்பு மேசையிலும் பித்தளையில் எண் அடித்திருக்கிறதாம். செயின்ட் பால் மூன்று. வினிபெக் ஐந்து. நான்கு எங்கே? லீலண்டைக் கேட்டேன். தாத்தாவுக்கு நான்கு ராசியில்லாத எண் என்றார். உனக்குத் தெரிந்திருக்கும், எழுது.

இன்னொன்று, சிரிக்காதே. என் மாணவி ஒருத்தி கேட்டாள்: தவறான சாவியை எறிந்துவிட்டால் என்ன ஆகும்? அவளுக்கு நான் இன்னும் பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

டூசான், அரிசோனா
அக்டோபர் 15, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

ஆர்வின் எழுதுகிறேன். முழங்கால் காலையில் திட்டுகிறது, மத்தியானம் மன்னித்துவிடுகிறது. உன் கண்ணுக்கு அதிக வேலை கொடுக்காதே.

நீ எழுதப்போகிறாய் என்றால் இதை முதலில் எழுது. 1921-ல் டாவன்போர்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே நாற்பது அறை. வந்தவர்கள் எல்லாம் ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர்கள். முதலாளி காட்ஃபிரிட் வென்ட்லிங் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். விளக்கின் ஸ்விட்ச் எல்லா அறையிலும் கட்டிலுக்கு வலப்பக்கம், தலையணையிலிருந்து ஒரு முழம். "எந்த ஊர்ல முழிச்சாலும் கையி அதே எடத்துக்குப் போகணும்டா ஆர்வின். அதுதான் வீடு" என்பார். பியோரியாவிலும் வலப்பக்கம், ஹவானாவிலும் வலப்பக்கம். விற்பனையாளர்கள் அதற்காகவே வந்தார்கள். மற்றவர்கள் சலவைக்கல்லில் மண்டபம் கட்டினார்கள், நாங்கள் ஸ்விட்சை அளந்தோம்.

லிஸ்பனில் நடந்ததைச் சொல்கிறேன். ஆற்றில் எறிந்த சாவியை நாலாம் நாள் ஒரு மீனவர் வலையிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக வரவேற்பு மேசைக்கு வந்துவிட்டார். "ஐயா, பாவம், உங்க மொதலாளி தவற விட்டுட்டாரு. ஊரே பாத்துச்சு, ஒருத்தரும் எறங்கி எடுக்கல" என்றார். அவருக்கு மீன் சூப் கொடுத்து அனுப்பினோம். மீனவருக்கே அவர் ஊர் மீன் சூப்பைக் கொடுத்தோமே என்று பிறகு எங்களுக்கு வெட்கம்.

நான்கு விஷயம் லீலண்ட் சொன்னதுதான். பெரியவருக்குச் சில எண்கள் பிடிக்காது.

அன்புடன்,
ஆர்வின்

டபியூக்
நவம்பர் 2, 1974

அன்புள்ள ஆர்வினுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

மீனவர் கதையைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் நான் கேட்ட இரண்டில் ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலும் சரியில்லை. நம் பக்கத்தில் நான்குக்குப் பயந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பதின்மூன்றாம் மாடியைத்தான் விட்டுவிடுவார்கள், அதையும் வென்ட்லிங் விடவில்லை.

கம்பெனி அனுப்பிய பழைய பெட்டியில் ஒரு புகைப்படம் கிடைத்தது. ஏரிக்கரை, பெருங்கூட்டம், முதலாளி கையை ஓங்கி நிற்கிறார். பின்புறம் பென்சிலில் 'டூலூத், ஜூன் 8, 1929'. டூலூத்தில் உங்களுக்கு ஹோட்டல் இருந்ததாக எந்தப் பட்டியலிலும் இல்லை. முதலாளி பக்கத்தில் சீருடைத் தொப்பியோடு நிற்பது நீதான். எல்லாரும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். நீ மட்டும் திரும்பி ஹோட்டலைப் பார்க்கிறாய்.

உன் கடிதங்களை நான் தேதிப்படி கட்டி வைத்திருப்பது உனக்குத் தெரியும். அந்த நாளில் வாரம் ஒன்று எழுதுவாய். 1929 ஜூன் 5-க்குப் பிறகு அடுத்த கடிதம் செப்டம்பர் 20. அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'நலம். வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள்.' அப்போது அம்மா அழுதாள், நான் உன்மேல் கோபப்பட்டேன். காரணம் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது கேட்கிறேன்.

அக்கா

டபியூக்
டிசம்பர் 8, 1974

அன்புள்ள ஆர்வினுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்தும் போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஹிக்கரிக் கொட்டை உடைத்து ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். உடைத்ததில் பாதி வழியில் என் வாய்க்குப் போய்விட்டது.

டூலூத்தைப் பற்றி எழுதப் பிடிக்காவிட்டால் விடு. வேறு உதவி வேண்டும். எல்லா வென்ட்லிங் ஹோட்டலிலும் விடியற்காலை ஆறு மணிக்கு ஓர் ஆள் உச்சி மாடியிலிருந்து ஒவ்வொரு படிக்கட்டாக இறங்கி, ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாராமே? 'காலை இறக்கம்' என்கிறார்களாம். எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. லிஸ்பனில் அதைக் கிண்டலாக ஜெபமாலை என்பார்களாம்.

லீலண்ட் மே முதல் தேதியோடு அதை நிறுத்துகிறார். கீழே ஒரு பலகையில் விளக்கு எரிந்து, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று காட்டிவிடுமாம். "தாத்தாவோட பழைய கிறுக்குன்னு சிரிக்கிற மாதிரி ஒரு பத்தி எழுதிருங்க, டீச்சர்" என்று கேட்டிருக்கிறார். அதை எப்படித் தொடங்குவது என்று நீ சொன்னால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா

டூசான்
டிசம்பர் 12, 1974

அக்கா,

அந்தப் பத்தியை எழுதாதே. நிறுத்தச் சொல்லி யார் யோசனை கொடுத்தது? விளக்குப் பலகைக்கு என்ன தெரியும்? லீலண்டிடம் நிறுத்த வேண்டாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஆர்வின்

டபியூக்
ஜனவரி 3, 1975

அன்புள்ள ஆர்வினுக்கு,

புத்தாண்டு உனக்கு நல்லபடி அமையட்டும். நான் நலம். நீ கேட்கவில்லை என்பதால் நானே சொல்கிறேன். அந்த 1929 செப்டம்பர் கடிதத்துக்குப் பிறகு, என் உடம்பைப் பற்றி விசாரிக்காமல் நீ எழுதிய முதல் கடிதம் இது.

லீலண்டிடம் சொன்னேன். "ஏன்னு ஒரு காரணம் சொல்லுங்க, டீச்சர். ஒரே ஒரு காரணம் போதும்" என்றார். நியாயமான கேள்விதான். என்னிடம் காரணம் இல்லை. உன்னிடம் இருக்கிறது.

வகுப்பில் ஒரு முறை ஜன்னல் கண்ணாடி உடைந்தது. எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் தினமும் கொஞ்ச நேரம் முன்னதாக வந்து, புதுக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்று வாரம் நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவனே சொன்னான். நான் காத்திருந்தது சரி என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை, அந்த மூன்று வாரமும் அவன் தூங்கியிருக்க மாட்டான்.

இத்தனை ஆண்டுகளாக அந்தக் கதவுகளை யாருக்காகத் தள்ளிப் பார்க்கிறார்கள்? மே வரைக்கும் நான்கு மாதம்கூட இல்லை.

அக்கா

டூசான்
பிப்ரவரி 20, 1975

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கண் சோர்ந்தால் இதை இரண்டு தடவையாகப் படி.

டூலூத் நான்காம் எண். ஐந்து மாடி. திறப்பு வாரத்தில் ஊர்க்காரர்கள் அறைகளைப் பார்க்கப் பின்படிக்கட்டு வழியாகக் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். அதனால் அந்தப் படிக்கட்டின் அடிக்கதவைப் பூட்டி வைக்கச் சொன்னார் முதலாளி. அந்தப் பூட்டுக்கு வந்திருந்தது ஒரே சாவி. அது என் பையில் இருந்தது. வாசற்கதவின் சாவிக்கு நீல நாடா கட்டி, விழாவுக்கு எடுத்து வரும் பொறுப்பும் என்னுடையதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் ஏரிக்கரையில் பேண்டு வாசித்து முடித்தது. முதலாளி திரும்பாமலே என் பக்கம் கையை நீட்டினார். நாடா கட்டிய சாவியை வரவேற்பு மேசையிலேயே விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓடிப் போய்வரக் கால் மணி ஆகும். மேயர் நிற்கிறார், ஊரே நிற்கிறது, அந்தக் கை நீட்டியபடியே இருக்கிறது. எனக்கு இருபத்தொரு வயது. பையில் இருந்த பின்கதவுச் சாவியை அந்தக் கையில் வைத்தேன். சாவி என்றால் சாவிதானே, தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பூட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அந்தப் புகைப்படத்தில் நான் ஹோட்டலைத் திரும்பிப் பார்ப்பது அதனால்தான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இரண்டாம் மாடிச் சலவை அறையில் தீப்பிடித்தது. தங்கியிருந்தவர்கள் எல்லாரும் முன்படிக்கட்டு வழியாக இறங்கிவிட்டார்கள். அவர்கள் இறங்கியதற்குக் காரணம் ஐலி கோஸ்கி. படுக்கை விரிப்பு மாற்றும் பெண், பத்தொன்பது வயது, அந்த ஊர் ஃபின்லாந்துக்காரர்கள் வீட்டுப் பெண். கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் எழுப்பியவள் அவள்தான். கடைசியில் முன்பக்கம் புகை அடைத்ததும் பின்படிக்கட்டில் இறங்கியிருக்கிறாள்.

நான் அந்தக் கதவுக்கு வெளியே இருந்தேன்.

அக்கா, அந்த வாரம் முழுக்க அவளோடு எனக்கு ஒரு விளையாட்டு. அவள் துணி அறைக்குள் போனால் வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொள்வேன். சாவி இல்லை, சாவி இல்லை என்பேன். அவள் திட்டுவாள், பிறகு சிரிப்பாள்.

"ஆர்வின், நீதானே அங்க? வெளயாட்டு போதும், தொற."

"ஐலி, சாவி இல்ல."

"நேத்தும் இதையேதான் சொன்னே. பொகை வருது, ஆர்வின். தொற."

"நெஜமாவே இல்ல. ஏரில இருக்கு. மேல ஏறி முன்பக்கமா வந்துரு. ஓடு."

நான் சொல்வது உண்மை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு படி ஏறும் காலடி. பதினேழு படி எண்ணினேன்.

அது இரும்புத் தகடு போட்ட கதவு. கோடரி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூட்டு இறுகிக்கொண்டது என்று விசாரணையில் முதலாளி சொன்னார். என்னிடம் தனியாக, "சாவி தண்ணில இருக்கு. தண்ணிலயே இருக்கட்டும்" என்றார். ஹோட்டலை வேறொருவருக்கு விற்றார். எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்தார். என்னை வேலையில் வைத்துக்கொண்டார். அது தயவா, வாய்ப்பூட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். தினம் காலையில் ஓர் ஆள் எல்லாக் கதவையும் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை. இறக்கும்வரை அதை நிறுத்தவுமில்லை.

உன் மாணவி கேட்டதற்கு இதுதான் பதில்.

ஆர்வின்

டபியூக்
மார்ச் 1, 1975

என் அன்புத் தம்பிக்கு,

மூன்று தடவையாகப் படித்தேன். நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா?

அது உன் தவறில்லை என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீ நம்ப மாட்டாய். சாவியை மறந்தது யாருக்கும் நேரும். கூட்டத்தின் முன்னால் வேறு சாவியை வைத்தது பயத்தால். ஆனால் பூட்டிய கதவைப் பற்றி அன்று மாலை ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தாயே, அதை மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. அந்த உரிமை உள்ளவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள். நீ என் தம்பி என்பதிலும் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான்காம் அத்தியாயம் எழுதிவிட்டேன். முதல் வரி ஐலி கோஸ்கியின் பெயர். உன் பெயரைப் போடலாமா? போடாவிட்டால் லீலண்ட் கேட்ட காரணம் ஒரு வதந்தியாகத்தான் இருக்கும். போட்டால் உன் பெயர் என்ன ஆகும், ஓய்வூதியம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

நீ சொல்லும்வரை அனுப்ப மாட்டேன்.

அக்கா

டூசான்
மார்ச் 10, 1975

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். ஹிக்கரிக் கொட்டை தீர்ந்துவிட்டது.

பெயரைப் போடு. முழுப் பெயர், ஆர்வின் ஆல்பர்ஸ்.

தம்பி

டாவன்போர்ட்
ஏப்ரல் 18, 1975

மதிப்பிற்குரிய வெர்னா ஆல்பர்ஸ் அவர்களுக்கு,

தாங்கள் நலமென நம்புகிறேன். பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்குப் பொறுத்துக்கொள்ளவும்.

நான்காம் அத்தியாயத்தை எங்கள் வழக்கறிஞர்கள் புத்தகத்தில் சேர்க்க விடமாட்டார்கள். நானும் அவர்களோடு சண்டை போடவில்லை. அதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தங்கள் தம்பியின் ஓய்வூதியத்தை யாரும் தொட மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படித்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, இங்கே எங்கள் முதல் ஹோட்டலில் நானே உச்சியிலிருந்து இறங்கினேன். இரண்டாம் மாடிப் பின்கதவு நகரவில்லை. மறுபக்கம் விருந்துக் கூடத்து நாற்காலிகளை இடுப்புயரம் அடுக்கி வைத்திருந்தார்கள். முந்தின இரவு கல்யாணமாம். கீழே வந்து புது விளக்குப் பலகையைப் பார்த்தேன். அந்தக் கதவுக்குப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூட்டு திறந்துதான் இருந்தது, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

காலை இறக்கம் நிற்காது. சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். ராட்டர்டாமில் நான் எறியப்போகும் சாவி எந்தப் பூட்டுக்கும் சேராதது. எல்லாக் கதவிலும் நானே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எறிவேன்.

தங்கள் உண்மையுள்ள,
லீலண்ட் வென்ட்லிங்

டூசான்
ஜூன் 8, 1975

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் ஏறிவிட்டது. உன் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி வந்துவிட்டதா?

டூலூத்தில் ஐலியின் தங்கை இருக்கிறாள். முகவரி கிடைத்தது. உனக்கு எழுதியதை அப்படியே அவளுக்கும் எழுதி, ஏப்ரல் கடைசியில் தபாலில் போட்டேன். ஐலி கதவைத் தட்டி எல்லாரையும் எழுப்பியதை முதலில் எழுதினேன். மற்றதைப் பிறகு எழுதினேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம். தினமும் தபால் பெட்டி வரை நடக்கிறேன், முழங்காலுக்கு நல்லது.

தம்பி

இதுதான் கடைசிக் கடிதம். அந்த இலையுதிர் காலத்தில் ஆர்வின் இறந்தான். அவன் பொருட்களை எடுக்கப் போனபோது, தபால் பெட்டியில் டூலூத் முத்திரையோடு ஓர் உறை இருந்தது. அவனுக்கு வந்தது என்பதால் பிரிக்கவில்லை. அவன் சட்டைப் பையில் வைத்தே அடக்கம் செய்தேன்.

கம்பெனிப் புத்தகம் ராட்டர்டாமில் வெளியானது. நல்ல தாள், நல்ல படங்கள். அதில் மூன்றுக்குப் பிறகு ஐந்து வருகிறது. என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள்.

லொரேன் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அவள் கேள்விக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை எந்த ஊரில் எந்த ஹோட்டலில் தங்கினாலும், பெட்டியைத் திறப்பதற்கு முன் பின்படிக்கட்டு வழியாக அடிவரை இறங்கிப் போய், கடைசிக் கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள்.